சனிக்கு வளையம் எப்படி வந்தது, நமக்கு ஏன் இல்லை?

2025 கார்த்திகையில், மழை வெறித்த ஓர் இரவு. காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், வீட்டு மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தித் தெருப் பிள்ளைகளுக்குச் சனியைக் காட்டிக்கொண்டிருந்தேன். வீதிக் கடைசி வீட்டுப் பெண், பதினொன்றாம் வகுப்புப் படிப்பவள், கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு நிமிர்ந்தாள். "வாத்தியாரய்யா, வளையத்தைக் காணோமே? எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி வைத்த மாதிரி ஒரு கோடுதான் தெரிகிறது."

அவள் பார்த்தது சரி. அந்தக் கோடுதான் வளையம். மறுநாள் மூன்று கேள்விகளை நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். வளையம் எப்படி உருவாகிறது? நிலா ஒன்று உடைந்து வளையமானது என்று காணொளிகளில் சொல்கிறார்களே, உண்மையா? அப்படியானால் பூமிக்கு ஏன் வளையம் இல்லை? திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சொல்லித் தீர்க்கிற சங்கதி இல்லை, எழுதியே தருகிறேன் கண்ணு என்றேன். எழுதியதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

காணொளிக்காரர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவர்கள் கேள்வியைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். வளையம் என்றால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கல்லும் பனியும் தூசியும் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று. வந்தவை ஏன் மறுபடி ஒன்றாகத் திரண்டு ஒரு நிலாவாகிவிடவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒவ்வொரு பதில். சனியைப் பொறுத்தவரை அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. இரண்டாவதற்கான பதில் 1848ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. வளையத்தை வளையமாக வைத்திருப்பது அந்த இரண்டாவதுதான். அதனால் அதை முதலில் பேசுவோம்.

அதற்கும் முன்னால், அந்தக் கோடு. கலிலியோ 1610இல் சனியைப் பார்த்தபோது நடுவில் ஒரு பெரிய உருண்டை, இருபுறமும் ஒட்டிக்கொண்டு இரண்டு சின்ன உருண்டைகள் என்று நினைத்தார். 1612இல் மறுபடி பார்த்தபோது சின்னவை இரண்டையும் காணவில்லை. சனி தன் பிள்ளைகளையே விழுங்கிவிட்டதோ என்று எழுதினார். எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்த ஏமாற்றமும் அவருக்கு வந்ததும் ஒன்றுதான். ஹைகன்ஸ் என்ற டச்சுக்காரர் 1659இல் புதிரை அவிழ்த்தார்: சனியை எங்கும் தொடாமல் ஒரு மெல்லிய தட்டை வளையம் சுற்றி நிற்கிறது, அது நம் பார்வைக்கு விளிம்பு காட்டி நிற்கும்போது மறைந்துபோகிறது. சனி சூரியனை ஒரு முறை சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் சோதிடர்கள் இரண்டரை ஆண்டுக்கு ஒரு பெயர்ச்சி என்று கணக்கு வைத்ததும் அந்தச் சுற்றைப் பன்னிரண்டு ராசிகளாக வகுத்துத்தான். ஒரு சுற்றில் இரண்டு முறை வளையம் நமக்கு விளிம்பு காட்டும். 2025 மார்ச்சில் அப்படிக் காட்டியது. கார்த்திகையிலும் சாய்வு ஒரு பாகைக்கும் கீழேதான் இருந்தது.

எவ்வளவு மெல்லியது என்று கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும். முதன்மை வளையங்களின் குறுக்களவு ஏறக்குறைய 2,75,000 கிலோமீட்டர். தடிப்பு பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூடும். கோயம்புத்தூரில் தொடங்கி ஈரோட்டில் முடிகிற மாதிரி நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தோசை வார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனியின் வளையம் மாதிரி இருக்க வேண்டுமானால் அந்தத் தோசையின் தடிப்பு நாலு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இது ஒரே துண்டான தட்டாக இருக்க முடியுமா? மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து இயற்பியலாளர் இந்தக் கணக்கைப் போட்டு 1859இல் வெளியிட்டார். முடியாது என்றார். கெட்டியான வளையம் நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும், கிரகத்துக்கு நெருங்கிய பக்கம் இன்னும் பலமாக இழுபட்டு, கடைசியில் போய் மோதி நொறுங்கும். திரவமாகவும் நிலைக்காது. எண்ண முடியாத அளவு சின்னச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றும் தனித்தனி நிலா போலத் தன் பாதையில் சுற்றினால் மட்டுமே நிலைக்கும். இது முழுக்கத் தாளில் போட்ட கணக்கு. கண்ணால் பார்த்த சான்று ஒன்று நம் பக்கத்திலிருந்தே அதற்கு முன்பு கிடைத்திருந்தது: 1852இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜேக்கப் என்பவர், சனியின் உட்பக்கத்து மங்கல் வளையத்தின் ஊடாகக் கிரகத்தின் விளிம்பு தெரிவதைக் கண்டார். அதே காலத்தில் லாசல் என்பவரும் வேறிடத்தில் தனியாகக் கண்டார். கெட்டித் தட்டின் வழியாக அப்புறம் தெரியாது.

ஐயமறத் தீர்த்துவைத்தவர் கீலர் என்ற அமெரிக்கர், 1895இல். அவர் செய்ததைப் புரியவைக்க நான் வகுப்பில் எப்போதும் களத்தைத்தான் சொல்லுவேன். இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். போரடிக்கும்போது நாலைந்து மாடுகளை வரிசையாகப் பிணைத்துத் தாளின் மேல் சுற்றவிடுவோம். நடுவில் நிற்கும் கிழட்டு மாடு நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கும். வெளிக்கோடியில் கட்டிய இளங்காளை ஓட வேண்டும். ஒரே கயிற்றில் கட்டுண்டவை அப்படித்தான் சுற்றும்: வெளியே போகப் போக வேகம் அதிகம். சனியின் வளையம் ஒரே தட்டாக இருந்தால் அதுவும் அப்படித்தான் சுற்ற வேண்டும். கீலர் வளையத்திலிருந்து வரும் ஒளியைப் பிரித்து வேகத்தை அளந்தார். நேர்மாறாக இருந்தது. உட்புறம் வேகம், வெளிப்புறம் மெதுவு. பிரகாசமான நடு வளையத்தின் உள்விளிம்பில் நொடிக்கு 20 கிலோமீட்டர். முதன்மை வளையங்களின் வெளி எல்லையில் 16 அல்லது 17. உள்ளே இருப்பது 8 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, வெளியே இருப்பதற்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எந்த மாடும் எந்த மாட்டோடும் கட்டப்படவில்லை.

இந்த வேக வேறுபாட்டில்தான் இரண்டாம் கேள்விக்கான பதில் ஒளிந்திருக்கிறது.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். நடுவே வேகம், கரையோரம் மெதுவு. இரண்டு தேங்காய் மட்டைகளை ஒட்டினாற்போல் போட்டால், நடுவுக்குக் கொஞ்சம் பக்கமாக விழுந்தது முந்திக்கொண்டு போகும்; பாலத்தைத் தாண்டும்போது இரண்டுக்கும் இடையில் பத்து முழம் விழுந்திருக்கும். யாரும் பிடித்து இழுக்கவில்லை. வளையத்திலும் இதே கதை. சனியின் மையத்திலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இரண்டு பனிக்கட்டிகள், ஒன்று மற்றதைவிடச் சனிக்கு ஒரு மீட்டர் நெருக்கத்தில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வீதம் முந்திப் போகும். நொடிக்கு இருபது கிலோமீட்டர் பாய்ச்சலுக்கு நடுவில், மணிக்கு ஒரு மீட்டர் நகர்வு. அத்தனை மெதுவாகப் பிரிகிற இரண்டையும் பிடித்து வைக்க அவற்றின் சொந்த ஈர்ப்பு போதாதா? போதாது. ஒரு மீட்டர் பனிக்கட்டிக்கு இருக்கும் ஈர்ப்பு அவ்வளவு சொற்பம்.

பெரிய கட்டியாக இருந்தால்? பிடிக்கும் வலிமை கூடும். ஆனால் பெரிதாக இருப்பதால் உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் இடையிலான வேறுபாடும் அதே வீதத்தில் கூடும். ஆகவே எவ்வளவு பெரியது என்பது முடிவு செய்வதில்லை. எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. பிரெஞ்சுக்காரரான எதுவார் ரோஷ் 1848இல் கண்ட எல்லைக்கோடு இதுதான். கிரகத்துக்கும் சுற்றும் பொருளுக்கும் அடர்த்தி சமமாக இருந்தால், கிரக மையத்திலிருந்து ஆரத்தைப் போல் 2.44 மடங்கு தூரம். அதற்குள் வந்த தளர்ந்த உருண்டை எதுவும் தன் ஈர்ப்பால் மட்டும் தன்னைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பனிக்கட்டிக்கும் சனிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த எல்லை சுமார் 1,34,000 கிலோமீட்டரில் விழுகிறது. சனியின் முதன்மை வளையங்கள் எங்கே முடிகின்றன தெரியுமா? ஏறக்குறைய 1,36,800 கிலோமீட்டரில். அதைத் தாண்டியதும் அட்லஸ், புரோமிதியஸ் என்று குட்டி நிலாக்கள் தொடங்கிவிடுகின்றன. முதன்முதலில் இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயது இருபத்திரண்டு.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எப்போதும் வரும், நல்ல கேள்வி. நாம் ஏவும் செயற்கைக்கோள்களில் பலவும் பூமியின் ரோஷ் எல்லைக்குள்தானே சுற்றுகின்றன, அவை ஏன் உடையவில்லை? கடலையைக் குவித்து வைப்பதற்கும் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். குவியலைத் தட்டினால் சரியும். கடலை உருண்டையைப் பல்லால் உடைக்க வேண்டும். உலோகமும் திருகாணியும் பாகு போல. பல நூறு கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலாவுக்கு அந்தப் பாகு பெரிதாக உதவாது. அது தன் எடையால்தான் உருண்டையாக நிற்கிறது. சில பத்து கிலோமீட்டர் அளவுள்ள குட்டிகளுக்கு உதவும். அதனால்தான் சனியின் வளையத்துக்கு நடுவிலேயே, என்கே இடைவெளியில், பான் என்ற குட்டி நிலா உடையாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரோஷ் சொன்னது ஏட்டில் மட்டும் இருந்துவிடவில்லை. ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி 1992 ஜூலையில் வியாழனுக்கு மிக அருகே போய்த் துண்டு துண்டானது. 1993 மார்ச்சில் அதைக் கண்டபோது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் முத்துமாலை போல் கோத்து நின்றன. 1994 ஜூலையில் ஒவ்வொன்றாக வியாழனில் விழுந்தன. அந்த வாரம் முழுக்க ஆடிக் காற்றும் மேகமும். இந்தத் தொலைநோக்கியை அப்போது நான் வாங்கியிருக்கவும் இல்லை. செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி ஒட்டி வைத்ததோடு சரி.

சரி, சிதறியவை தட்டையானது எப்படி? உடைந்த துண்டுகள் முதலில் மேலும் கீழுமாகச் சாய்ந்த பாதைகளில்தான் சுற்றும். சாய்ந்த பாதையில் போகிற ஒவ்வொரு கல்லும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நடுத்தளத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது எதிரே வருபவற்றோடு உரசும். கண்ணபுரம் தேர்த் திருவிழாவில் கூட்டத்தோடு வீதி சுற்றியவர்களுக்கு இது தெரியும். எல்லோரும் ஒரு திசையில் போகும்போது குறுக்கே நுழைகிறவன் நாலு முழங்கை இடி வாங்குவான்; கொஞ்ச நேரத்தில் அவனும் கூட்டத்தின் திசையில் போய்க்கொண்டிருப்பான். வளையத்திலும் மேல்-கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துத் தீர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான சுற்று மட்டும் தீர்வதில்லை, ஏனென்றால் அதை எதிர்த்து அடிக்க ஆளில்லை. சனி தன் வேகமான சுழற்சியால் இடுப்பில் பருத்த கிரகம். அந்தப் பருமன் சாய்ந்த பாதைகளைப் பம்பரத்தின் தலை போல் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதனால் கடைசியில் எல்லாம் அடங்குவது அதன் நடுக்கோட்டுத் தளத்தில்தான். இந்த அடங்கல் வேகமாக நடந்துவிடும்.

இனி முதல் கேள்வி: சரக்கு எங்கிருந்து வந்தது?

சனியின் வளையம் ஏறக்குறைய முழுதும் தண்ணீர்ப் பனி. பாறைத்தூசி ஒரு சில சதவீதம்கூட இல்லை. இதுவே பெரிய தலைவலி. சனியின் நிலாக்களில் பாறையும் பனியும் கலந்திருக்கின்றன. ஒரு நிலா அப்படியே உடைந்தால் பாறையும் சேர்ந்துதானே கிடக்க வேண்டும்? ராபின் கேனப் என்ற ஆய்வாளர் 2010இல் ஒரு விடை சொன்னார். சனி உருவான காலத்தில், இன்று அதன் மிகப் பெரிய நிலாவான டைட்டன் அளவுள்ள ஒரு நிலா மெல்லச் சுருண்டு உள்ளே விழுந்தது. விழும் வழியில் அதன் மேல்தோலான பனி மட்டும் உரிந்து வளையமாக நின்றது. உள்ளே இருந்த பாறைக்கரு சனிக்குள் போய்விட்டது. தேங்காய் மட்டையை உரித்துப் போட்டுவிட்டுக் காயை எடுத்துப் போனது போல. இது நடந்திருந்தால் வளையத்துக்கு வயது 450 கோடி ஆண்டு.

2022இல் வேறொரு குழு வேறு கதை சொன்னது. கிரிசாலிஸ் என்று அவர்கள் பெயர் வைத்த ஒரு நிலா சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாதை குலைந்து சனியை நெருங்கிக் கிழிந்தது என்றும், சனி இன்றைக்கு 27 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்பதையும் அதே நிகழ்ச்சி விளக்குகிறது என்றும். காணொளிகளில் அடிபடுவது பெரும்பாலும் இந்தக் கதைதான். அழகான கருதுகோள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எது சரி என்று முடிவு செய்ய வளையத்தின் வயது தெரிய வேண்டும். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். ஒரு பின்னல் இயந்திரத்தின் மேல் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்தே அதைத் துடைத்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு படியும் என்பது தெரியும், இப்போது எவ்வளவு படிந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும், வகுத்தால் விடை. காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியபோது இதையேதான் செய்தது. வெளியிலிருந்து வரும் நுண்தூசியைப் பிடித்து எண்ணியது. பதின்மூன்று ஆண்டுகளில் தேறிய துகள்கள் 163. அந்த வீதத்தை வைத்து 2023இல் ஒரு குழு கணக்கிட்டது: இத்தனை வெளுப்பாக இருக்கும் வளையத்தின் வயது 40 கோடி ஆண்டைத் தாண்டாது. காசினி தன் கடைசி மாதங்களில் வளையத்துக்கும் சனிக்கும் நடுவே நுழைந்து வளையத்தின் எடையையும் அளந்தது. மிமாஸ் என்ற 400 கிலோமீட்டர் நிலாவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான். நம் நிலாவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு. சரக்கு குறைவு என்றால் அது அழுக்காகச் சீக்கிரம் ஆகிவிடும். ஆகவே இன்னும் அழுக்காகாதது இளையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் கட்சி இன்னும் பலம் பெற்றது.

ஆனால் 2024 டிசம்பரில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். தூசி வந்து மோதுகிற வேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர் அளவு. அந்த அடியில் தூசி ஆவியாகிப் பறந்துவிடும், பனியில் ஒட்டவே ஒட்டாது என்று கணினிக் கணக்கில் காட்டினார்கள். பஞ்சுத் தூசி படியாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் துடைத்தார்கள் என்று சொன்னால், மேலே ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டோமே என்கிற மாதிரி. ஒட்டாது என்றால் வெளுப்பை வைத்து வயதைச் சொல்ல முடியாது. வளையம் சனியோடு கூடப் பிறந்ததாகவும் இருக்கலாம். எனக்கு இளைய வளையம் என்ற கட்சியின் மேல் கொஞ்சம் சாய்வு இருந்தது. அந்த ஜப்பானியர்களின் கட்டுரைக்குப் பிறகு வேலி மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றக் கிரகங்களின் வளையங்களுக்கு இவ்வளவு வழக்கு இல்லை. வியாழனுடையது வெறும் தூசி. 1979இல் வாயேஜர் 1 விண்கலம் போய்ப் படம் எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது. வியாழனுக்கு அருகே சுற்றும் சின்ன நிலாக்களின் மேல் விண்கற்கள் அடிக்கும்போது கிளம்புகிற புழுதிதான் அது. மண் சாலையில் லாரி போனால் எழும் தூசி போலத் தினமும் எழுந்து, தினமும் விழுகிறது. சனிக்கே வெளிப்பக்கம் ஈ வளையம் என்று ஒன்று உண்டு. என்செலடஸ் என்ற நிலாவின் தென்முனை வெடிப்புகளிலிருந்து பீறிடும் நீராவியும் பனித்துகளும்தான் அதற்குத் தீனி. எதுவும் உடையாமலேயே பிறந்த வளையம் அது. காணொளிக்காரர்கள் இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நெப்டியூனின் வெளி வளையம் எங்கும் ஒரே சீராக இல்லை, சில இடங்களில் மட்டும் தடித்த வில்களாக நிற்கிறது.

யுரேனஸ் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் அதில் நம் சவ்வாது மலைக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று முன்பே கணித்திருந்தார்கள். மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சில முறை மங்கி மீண்டது. விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்த எலியட் குழுவினர், இரு பக்கமும் ஒரே மாதிரி மங்கல் வருவதை வைத்து, இவை வளையங்கள் என்று கண்டார்கள். அதே இரவு சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் மங்கலைப் பதிவு செய்தார்கள். அவர்கள் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பில் அது யுரேனஸின் புதிய நிலா என்று கருதினார்கள். ஒரு பக்கத்து மங்கலை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். தரவு சரி, பெயர்தான் மாறிப்போயிற்று. எனக்கு இதைச் சொல்வதில் வருத்தமும் பெருமையும் பாதிப் பாதி.

யுரேனஸின் வளையங்கள் அடுப்புக்கரி போலக் கறுத்தவை; சில, ஆச்சரியப்படும் அளவுக்கு ஒடுங்கியவை. ஒடுக்கம் ஏன் ஆச்சரியம்? உரசிக்கொண்டே இருக்கும் வளையம் தானாக விரிந்து பரவ வேண்டும். பரவாமல் இருக்க யாரோ பட்டி கட்ட வேண்டும். 1986இல் வாயேஜர் 2 அங்கே போனபோது, எப்சிலான் என்ற வளையத்தின் உள்ளேயும் வெளியேயும் கார்டிலியா, ஒஃபீலியா என்ற இரண்டு குட்டி நிலாக்கள் சுற்றுவது தெரிந்தது. வெளி நிலா மெதுவாகப் போவதால் வளையக் கற்களை இழுத்துத் தாமதப்படுத்தி உள்ளே தள்ளுகிறது. உள் நிலா வேகமாகப் போவதால் அவற்றை முன்னுக்கு இழுத்து வெளியே தள்ளுகிறது. மேய்ப்பன் நிலாக்கள் என்றே இவற்றுக்குப் பெயர். ஆடு பட்டிக்குள்ளேயே கிடக்கும்.

சனியில் கறுப்புக் கோடாகத் தெரியும் காசினி இடைவெளிக்கும் காவல்காரன் உண்டு, ஆனால் அவன் நிற்பது வெகு தொலைவில். இடைவெளியின் உள்விளிம்பில் சுற்றும் கல் இரண்டு சுற்று முடிக்கும்போது மிமாஸ் நிலா சரியாக ஒரு சுற்று முடிக்கிறது. ஆடி நோன்புக்குத் தூரி கட்டி ஆடுகிறோமே, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சின்னத் தள்ளு தள்ளினால் போதும், கொஞ்ச நேரத்தில் கிளையை எட்டிவிடும். மிமாஸின் தள்ளும் அப்படித்தான். அந்த இடத்துக் கற்களின் பாதை நீண்டு கலைந்துபோகிறது.

இப்போது என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "ரோஷ் எல்லைக்குள் வளையம், அதற்கு வெளியே நிலா" என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். 2013இல் சாரிக்லோ என்ற சிறு பொருளுக்கு வளையம் கண்டபோது ஆடிப்போனேன்; 250 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துண்டுக்கு வளையமா! 2017இல் ஹௌமியா என்ற குறுங்கோளுக்கும் கண்டார்கள். 2023இல் வந்தது அடி. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் குவாவர் என்ற குறுங்கோளுக்கு ரோஷ் எல்லை ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். அதன் வளையம் இருப்பதோ 4,100 கிலோமீட்டரில். என் விதிப்படி அது எப்போதோ நிலாவாகத் திரண்டிருக்க வேண்டும். அந்தக் கடுங்குளிரில் பனித்துகள்கள் மோதினால் ஒட்டாமல் துள்ளித் தெறிக்கின்றன, அதனால் சேர முடியவில்லை என்பது சொல்லப்படும் விளக்கம். கல் உப்பும் கோலிக்குண்டும் போல. மோதும்போது வேகம் இழந்தால்தான் ஒட்டும், துள்ளினால் ஒட்டாது. சேர முடியாமல் போவதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை என்று இப்போது கரும்பலகை வாசகத்தைத் திருத்திக்கொண்டேன்.

கடைசியாக, பூமி. பூமிக்கு வளையம் இருந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு செவ்வாய் அளவுள்ள ஒரு பொருள் மோதியதில் கிளம்பிய சிதறலிலிருந்துதான் நிலா உருவானது என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து. அந்தச் சிதறல் முதலில் பூமியைச் சுற்றி ஒரு தட்டாகத்தான் நின்றிருக்கும். நமக்கு ரோஷ் எல்லை 18,400 கிலோமீட்டர் அளவு. அதற்கு வெளியே இருந்தவை சட்டென்று திரண்டு நிலாவாகிவிட்டன, உள்ளே மிஞ்சியவை பெரும்பாலும் பூமியிலேயே விழுந்தன. நமக்கு நிலா கிடைத்தது. வளையம் அதற்குள் போயிற்று. இன்னொரு சாத்தியத்தை 2024இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள்: 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்து விண்கல் பள்ளங்கள் இருபத்தொன்றும் அன்றைய நிலநடுக்கோட்டை ஒட்டியே கிடக்கின்றன, ஆகவே ஏதோ ஒரு சிறுகோள் கிழிந்து பூமிக்குக் கொஞ்ச காலம் வளையமாக நின்று, அதிலிருந்து கற்கள் விழுந்திருக்கலாம் என்று. மெய்யென்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

இப்போதைக்குப் பூமியில் வளையம் நிற்காது. சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் வெறும் பனி தங்காது. நுண்தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தமும் மேல்வளியின் உராய்வும் கீழே இறக்கிவிடும். புழுதி கிளப்பித் தீனி போட நெருங்கிய குட்டி நிலாக்களும் நமக்கு இல்லை. இருக்கிற ஒரே நிலாவோ ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகிறது. செவ்வாய்க்குத்தான் வாய்ப்பு. ஃபோபோஸ் என்ற அதன் உள்நிலா ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று முதல் ஐந்து கோடி ஆண்டுகளில் அது செவ்வாயின் மேலேயே போய் விழும், அல்லது கிழிந்து வளையமாகும்.

சனியின் வளையத்தை நன்றாகப் பார்க்க அவ்வளவு காத்திருக்க வேண்டாம் கண்ணு. இனி ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று 2032 வாக்கில் முழுதாக விரியும். மறுபடி கோடாவது 2038 கடைசியில். முப்பது மடங்கு பெருக்கிக் காட்டினாலே வளையம் தனியாகத் தெரியும். காசினி இடைவெளி தெரிய நூறு மடங்கும், காற்று அசையாத வானமும் வேண்டும். ஆடியில் வராதே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தொலைநோக்கி நடுங்கும். மழை ஓய்ந்த மார்கழியில், இருட்டிய உடனே வா. பனி இறங்கும், தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.